பிரேக் மிதித்தேன், வால் முந்தியது

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, "ரியர் வீல் டிரைவ் வண்டியில் பாதி வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றினால் ரியர் வீல் டிரைவ், முன்சக்கரங்களைச் சுழற்றினால் முன்சக்கர வண்டி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை அடைத்துக்கொண்டன. ஏசி கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வருடம் முன்சக்கர வண்டி ஓட்டியவன் நான். மூன்று மாதம் முன்பு பழைய ரியர் வீல் டிரைவ் செடான் ஒன்று வாங்கினேன். தூறல் விட்ட ஈரச் சாலை. இடது வளைவில் 60 கி.மீ. வேகம். பாதி வளைவு வந்த பிறகுதான் முன்னால் லாரி நிற்பது தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் வலப்புறமாக வெளியே போனது. பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். ஒரு கணம் நேரானது. அடுத்த கணமே வலப்பக்கமாகச் சுழன்று மண்ணில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத்தானே வேண்டும்? எங்கே தப்பு செய்தேன்?

"யாருக்கும் அடி இல்லை" என்பதை முதல் வரியாக எழுதியிருக்கலாம். கடைசி வரி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

கையிலிருக்கும் இந்த இதழையே மேசை மேல் வையுங்கள். மேல் ஓரம்தான் வண்டியின் முன்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேல் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இதழின் நடுவே பக்கவாட்டில் தள்ளுங்கள். மேல் ஓரம் நிற்கிறது, கீழ்ப்பாதி சுழன்று போகிறது இல்லையா? அன்றைக்கு உங்கள் வண்டிக்கும் நடந்தது அதுதான். முன்பக்கத்தை அழுத்திய விரல் உங்கள் பிரேக். பக்கவாட்டில் தள்ளிய கை அந்த வளைவு.

பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். வண்டி 1200 கிலோ, முன்னும் பின்னும் ஆளுக்குப் பாதி. எடையின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர். ஓரளவு பலமாக ஒரு பிரேக் அடித்தால், அதாவது புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறைகிறது என்றால், பின்சக்கரங்கள் மேலிருந்து சுமார் 130 கிலோ இறங்கி முன்சக்கரங்கள் மேல் ஏறுகிறது. பின்சீட்டில் இருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து பானெட் மேல் போய் உட்கார்ந்த மாதிரி. முன் டயருக்குக் கொண்டாட்டம், தரையைக் கவ்விக்கொள்ளும். பின் டயருக்குக் கால் தரையில் பாவாது.

இதோடு விட்டால் பரவாயில்லை. டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதையேதான் பங்கு போட வேண்டும். இது சாதாரணக் கழித்தல் கணக்கு இல்லை, பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு. மொத்தப் பிடி 100 என்றால், திரும்புவதற்கு 80 செலவானாலும் பிரேக்குக்கு 60 மிச்சமிருக்கும். ஆனால் திரும்புவதற்கே 95 போய்விட்டால் மிச்சம் 31தான். வளைவில் கொஞ்சம் வேகம் கூடினாலும் மிச்சம் சரசரவென்று கரைகிறது. ஈரச் சாலையில் அந்த நூறே எழுபதுக்குக் கீழே வந்திருக்கும். நீங்கள் கையில் காசில்லாத நேரத்தில் கடைக்குப் போய் நின்றிருக்கிறீர்கள்.

இதுவரை நடந்ததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். லாரியைக் கண்டால் கால் பிரேக்குக்குத்தான் போகும், யார் காலும். வண்டியை மண்ணில் கொண்டுபோய் விட்டது அடுத்து நீங்கள் செய்ததுதான்: பிரேக்கைச் சடாரென்று விட்டது.

வால் வலப்பக்கம் போனபோது நீங்கள் வலப்பக்கம் ஒடித்தது சரி, நூற்றுக்கு நூறு. ஆனால் அதே நொடியில் காலை முழுசாக எடுத்துவிட்டீர்கள். பானெட் மேல் உட்கார்ந்திருந்த அந்த இருவரும் ஒரே தாவில் பின்சீட்டுக்குத் திரும்பினார்கள். பின் டயருக்குப் பிடி மொத்தமாகத் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? வலப்பக்கம். பின்னால் பிடி கிடைத்த வண்டி, முன்சக்கரம் காட்டிய பக்கம் பாய்ந்தது. முதல் வீச்சை விட இரண்டாவது வீச்சு பெரும்பாலும் முரட்டுத்தனமானது. பலரைக் கவிழ்ப்பது அதுதான்.

காலை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது போல எடுக்க வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று மனசுக்குள் சொல்லும் நேரம் போதும்.

இதைப் பழக வளைவும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். காலியான நேர்ச்சாலையில் 40ல் போய், பக்கத்து சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டு, நன்றாக பிரேக் பிடித்து, நிற்பதற்குச் சற்று முன் காலைத் தளர்த்தி, தலை பின்னால் வெட்டாமல் நிறுத்திப் பாருங்கள். முதல் நாள் பாட்டில் காலடியில் கிடக்கும். என்னிடம் பழக வருகிறவர்களை முதல் இரண்டு நாள் இதை மட்டும்தான் செய்யச் சொல்வேன். "வளைவுக்கு எப்ப சார் போறது?" என்று கேட்பார்கள். பாட்டில் உருளாமல் இருக்கட்டும், போகலாம்.

கேள்வி: வால் போகிற பக்கமே ஸ்டீயரிங்கை ஒடிக்கணும் என்கிறார்கள். எவ்வளவு ஒடிப்பது? அந்த அவசரத்தில் கணக்கா போட முடியும்?

முடியாது. அதனால் கணக்கைக் கண்ணிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் போக வேண்டிய பாதை எங்கே இருக்கிறதோ அதைப் பாருங்கள், முன்சக்கரமும் அங்கேயே பார்க்கட்டும். மரத்தைப் பார்த்தால் கை மரத்துக்குத்தான் போகும். லாரியைப் பார்த்தால் லாரிக்கு.

அளவை விட முக்கியம் வேகம். ஒடிப்பது வேகமாக இருக்க வேண்டும், திரும்ப நேராக்குவது அதைவிட வேகமாக. வால் திரும்பி வரத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கை நேராக்க ஆரம்பித்துவிட வேண்டும். வந்து சேர்ந்த பிறகு நேராக்கினால் முதல் கடிதக்காரரின் கதைதான். பின்பக்கம் நழுவுவதைக் கண்ணுக்கு முன்னால் இடுப்பு சொல்லிவிடும். சீட்டில் தளர உட்கார்ந்து, சாய்மானத்தைப் படுக்கையாக்கி ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் வருகிறது. முதுகு சீட்டில் ஒட்டியிருக்கட்டும்.

கேள்வி: நான் பிரேக்கையே தொடவில்லை. இறக்கத்தில் ஒரு திருப்பம், கியரை மட்டும் இறக்கினேன். வால் வீசிவிட்டது. இது எந்தக் கணக்கில் சேர்த்தி?

தொட்டீர்கள். காலால் தொடவில்லை, கியரால் தொட்டீர்கள்.

எனக்கு 24 வயதில் இதே பாடம் நடந்தது. பழைய பின்சக்கர வண்டி, மழை, இறக்கம், வலப்பக்கத் திருப்பம். நாலாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போட வேண்டியது, கை பதறி இரண்டுக்குப் போய்விட்டது. கிளட்ச்சை அப்படியே விட்டேன். பின்னால் "கிறீச்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான் ஞாபகம். மறுபடி எல்லாம் தெளிந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது, வைப்பர் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, கண்ணாடி வழியே நான் வந்த பாதை எனக்கு எதிரே தெரிந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் நிதானமாக, "வீட்டுக்கே திரும்பிடலாம்னு முடிவு பண்ணிட்டியா?" என்றான். நடுக்கம் நிற்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

நடந்தது இதுதான். இரண்டாம் கியருக்கு எஞ்சின் இன்னும் நிறைய சுற்ற வேண்டும். அதைச் சுற்றவைக்கும் வேலை பின் டயர்களின் தலையில் விழுகிறது. அவை ஏற்கெனவே வளைவில் பக்கவாட்டாகத் தரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ரியர் வீல் டிரைவில் எஞ்சின் பிரேக் முழுக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். பிரேக் பெடல் நாலு சக்கரத்துக்கும் பங்கிட்டு, அதிலும் முன்னுக்கு அதிகமாகக் கொடுக்கிறது. கியருக்கு அந்தக் கரிசனம் கிடையாது. முரட்டுத்தனமாகக் கியர் இறக்குவதும் வளைவில் ஹேண்ட்பிரேக் இழுப்பதும் பின் டயருக்கு ஒன்றுதான்.

கியரை வளைவுக்கு முன்னாலேயே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கிளட்ச்சை விடும் முன் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைச் சுற்றவிட்டால் பின்சக்கரத்துக்கு அந்த வேலை மிச்சம். மறந்துபோய் உள்ளே இறக்கிவிட்டு வால் நழுவினால் முதல் வேலை கிளட்ச்சை மிதிப்பது. பின்சக்கரம் விடுபட்டு உருளும், பாதிப் பிடி உடனே திரும்பிவிடும்.

கேள்வி: பந்தய ஓட்டிகள் வளைவுக்குள் பிரேக் பிடித்துக்கொண்டேதானே நுழைகிறார்கள்? நீங்கள் தொடாதே என்கிறீர்கள்.

நல்ல குத்து. போன இதழில் எழுதிய வரி அரைகுறை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் வளைவுக்குள் புதிதாக பிரேக் மிதிப்பதில்லை. நேர்ச்சாலையிலேயே அழுத்தி மிதித்துவிட்டு, ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலைத் தளர்த்திக்கொண்டே போகிறார்கள். ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீர் மாற்றுவது போல: பிரேக்குக்குக் கொடுத்திருந்த பிடிமானத்தை ஒரு சொட்டும் சிந்தாமல் திரும்புவதற்கு மாற்றுகிறார்கள். முன்பக்கம் கனமாக இருப்பதால் மூக்கு ஆசையாக உள்ளே திரும்பும். வால் கொஞ்சம் லேசாவது அவர்களுக்கு வேண்டியது, வண்டியைத் திருப்ப அதையும் ஒரு கருவியாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்களின் கால் போவது குறையும் திசையில். நம் கால் பயத்தில் போவது கூடும் திசையில். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது பிரேக்கைக் கூட்டுவதுதான் வினை.

சாலையில் ஓட்டுகிற நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வேகத்தைக் குறைக்கும் இடம் வளைவுக்கு முன்னால் இருக்கிறது. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60ல் போனால் பக்கவாட்டு இழுப்பு புவியீர்ப்பில் 0.7 பங்கு. 50ல் போனால் 0.5 பங்குக்குக் கீழே. வேகத்தில் பத்து குறைத்தால் இழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. நடுவில் லாரி நின்றாலும் அப்போது பிரேக்குக்குக் கொடுக்கப் பையில் காசு இருக்கும்.

கேள்வி: என் வண்டியில் ஏபிஎஸ், இஎஸ்சி எல்லாம் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தேவையா?

இரண்டும் வேறு வேறு. ஏபிஎஸ் 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. எடை முன்னால் சாய்வதை அது தடுக்காது. இஎஸ்சி 1995ல் வந்தது, அதுவும் எஸ் கிளாஸில்தான். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வால் வெளியே போகிறது என்று தெரிந்ததும் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தை மட்டும் தானே பிடிக்கும், அது வண்டியின் மூக்கை வெளிப்பக்கமாக இழுத்து நேராக்கிவிடும். ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட மனிதக் காலால் ஆகாது.

ஆகவே இஎஸ்சி உள்ள வண்டியில் ஆபத்து நேரத்தில் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள், போக வேண்டிய பக்கம் ஒடியுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளட்டும். நான் மேலே சொன்ன "ஒன்று, இரண்டு" வித்தையெல்லாம் அது இல்லாத வண்டிக்கு. ஆனால் டயருக்கு இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு, வழுக்கும் வண்டிப் படம் போட்டது, வாரத்துக்கு ஒருமுறை மினுக்குகிறது என்றால் உங்கள் வேகம் சரியில்லை என்று பொருள். விளக்கைக் குறை சொல்லாதீர்கள். அதை அணைக்கும் பொத்தான் பக்கம் போகவே போகாதீர்கள்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும்தான் இப்போது மாற்ற முடியும். முன்னால் போடவா, பின்னால் போடவா?

பின்னால். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் இந்தப் பக்கம் முழுக்க எழுதியிருப்பது நடக்கும். முன்சக்கர வண்டிக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வால் வீசினால் ஆக்ஸிலரேட்டரைக் கொடு என்கிறார் என் மாமா. சரியா?

மாமா முன்சக்கர வண்டி ஓட்டியவராக இருப்பார். அதில் கொஞ்சம் கொடுத்தால் முன்சக்கரம் இழுத்து நேராக்கும். உங்கள் வண்டியில் தள்ளுவது பின்சக்கரம். எடையைப் பின்னால் அனுப்ப ஒரு இறகு அளவு கொடுக்கலாம், வேகம் ஏறாத அளவு. அதற்கு மேல் போனால் நழுவுகிற டயரை இன்னும் சுழற்றிவிடுவீர்கள். பழகாதவர்கள் பிரேக்கை மெல்ல விட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வண்டி முக்கால்வாசி சுழன்றுவிட்டது, இனி காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் கிளட்ச், பிரேக் இரண்டையும் ஒரேயடியாக மிதித்துவிடுங்கள். சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றாலும் போகிற திசையிலேயே போய் நிற்கும்.

கேள்வி: பழைய போர்ஷே 911 வால் வீசுவதில் பேர்போனது என்று படித்தேன். எஞ்சின் பின்னால் இருந்தால் பின்பக்கம் கனம்தானே, பிடி அதிகம் இருக்க வேண்டுமே?

அருமையான கேள்வி. நேராகப் போகும்வரை அந்தக் கனம் நண்பன். வால் ஒருமுறை நகர ஆரம்பித்தால் அதே கனம் சுத்தியல் தலை மாதிரி, நிறுத்துவது கஷ்டம். நடு வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், பிரேக் கூட வேண்டாம். 1969 மாடலுக்குப் பின் அச்சை 57 மி.மீ. பின்னால் தள்ளிப் பார்த்தார்கள், குணம் கொஞ்சம் தணிந்தது.

எனக்குப் பிடித்தது அதே கம்பெனி 1977ல் கொண்டுவந்த 928. கால் எடுக்கும்போது பல வண்டிகளில், சக்கர இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் நசுங்கி, பின்சக்கரங்கள் லேசாக வெளிப்பக்கம் பார்த்துவிடும், வால் வீச அதுவும் ஒரு காரணம். 928ன் பின் அச்சில் இணைப்புகளைத் தலைகீழாக யோசித்து, கால் எடுத்தால் சக்கரம் உள்பக்கம் பார்க்கும்படி செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை, வெறும் இரும்பும் ரப்பரும். உங்கள் பழைய வண்டியில் பின்பக்க புஷ்கள் தேய்ந்திருந்தால், அந்தப் பொறியாளர்கள் ஒழித்துக்கட்டிய அதே கோளாறை நீங்கள் காசு கொடுக்காமல் திரும்பப் பெற்றிருக்கிறீர்கள்.

கேள்வி: என்னுடையது ஏபிஎஸ் இல்லாத பழைய பிக்கப். சுமையோடு போகும்போது வளைவில் பிரேக் பிடித்தாலும் ஒழுங்காக நிற்கிறது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது கொஞ்சம் தொட்டாலே பின்பக்கம் அடிக்கிறது. டிரைவர் நானேதான், இரண்டு முறையும்.

டிரைவர் மேல் சந்தேகம் இல்லை. காலியான பிக்கப்பில் பின் டயர் மேல் எடையே இல்லை. அதற்காகத்தான் பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ அச்சுக்கு வரும். சுமை ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாகி உயர்ந்தால் குறைக்கும். சேறும் துருவும் சேர்ந்து அந்தக் கம்பி தாழ்ந்த நிலையிலேயே இறுகிப்போனால், காலி வண்டிக்கும் முழுச் சுமைக்கான பின் பிரேக் போய்க்கொண்டே இருக்கும். நேர்ச்சாலையில் அவ்வளவாகத் தெரியாது, வளைவில்தான் காட்டிக்கொடுக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப் போய்ச் சேரும் இடம்தான் அந்த வால்வு. கம்பியைக் கையால் ஆட்டுங்கள். ஆடவில்லை என்றால் அதுதான் குற்றவாளி, மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்து அளவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறது என்றால், பின் டயரில் சுமைக்கு வைத்த காற்றையே காலியாக வரும்போதும் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்து, எவ்வளவு என்பதோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.